எண்ணும் செவியும்: இல்லம் புகுந்த ஸ்டீரியோவின் கதை

யாப்பிலக்கணம் அசையையும் சீரையும் எண்ணச் சொல்கிறது. தளை தட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. ஆயினும் எண்ணிக்கை அனைத்தும் சரியாயிருந்தும் ஓசை உயிரற்றுக் கிடக்கும் வெண்பாக்கள் உண்டென்பதைப் பாட்டெழுதிப் பழகிய நம் வட்டத்து அன்பர்கள் நன்கறிவர். எண் வாயிலில் காவல் நிற்கிறது. தீர்ப்பு வழங்குவது செவி. அதற்காக எண்ணைத் தள்ளிவிடவும் முடியாது. பொய்யான எண் செவியை ஏமாற்றும். மெய்யான எண் செவிக்குத் துணை நிற்கும். இவ்வுண்மைக்கு இலக்கியத்திற்கு வெளியே ஒரு சான்று வேண்டுமாயின், இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் உருவாகி வீடுகளுக்குள் புகுந்த ஸ்டீரியோ கருவிகளின் வரலாற்றைக் காட்டலாம்.

இன்று பழைய ஸ்டீரியோ ரிசீவர்களையும், பிறர் பயன்படுத்திக் கைமாறிய ஒலிபெருக்கிகளையும் தேடி வாங்கிப் பழுது நீக்கி இசை கேட்போர் பல நாடுகளில் உள்ளனர். இவர்களைப் பழம்பொருள் பித்தர் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஐம்பதாண்டு கடந்த ஒரு மின்கருவி இன்றும் பயன்படுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அக்காரணம் வரலாற்றில் உள்ளது. அதனை அறிந்தவர் நன்கு தேர்ந்தெடுப்பார். அறியாதவர் பளபளப்பைக் கண்டு மயங்குவார்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ரிசீவர் என்பது மூன்று கருவிகள் ஒரே உடலில் அமைந்தது. வானொலி அலையைப் பிடிக்கும் ட்யூனர் ஒன்று. இசைத்தட்டு முதலியவற்றிலிருந்து வரும் மெலிந்த மின்குறிப்பைச் செம்மை செய்யும் முன்பெருக்கி ஒன்று. அதற்கு வலுவூட்டும் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. ஒலிபெருக்கி என்று நாம் வழங்கும் ஸ்பீக்கர் உண்மையில் எதையும் பெருக்குவதில்லை. பெருக்கப்பட்ட மின்னோட்டத்தைக் காற்றின் அசைவாக மாற்றுவதே அதன் தொழில். எனினும் வழக்கு வலிதாகலின் இக்கட்டுரையிலும் ஒலிபெருக்கி என்றே குறிப்போம்.

ஒன்று இரண்டானது

இன்று நாம் காணும் ஒலிபெருக்கியின் அடிப்படை 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவரால் வகுக்கப்பட்டது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாற மாறக் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. நூறாண்டு கடந்தும் இவ்வமைப்பே பெரும்பான்மை.

ஆனால் ஒரு கூம்பிலிருந்து வரும் ஒலிக்கு இடம் இல்லை. மனிதருக்குச் செவி இரண்டு. இடமிருந்து வரும் ஒலி வலச்செவியை ஒரு நொடியின் மிகச் சிறு பின்னத்தளவு தாமதித்து அடைகிறது. சற்றே மெலிந்தும் அடைகிறது. அவ்வேற்றுமையைக் கொண்டே திசையை உணர்கிறோம். லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய ஆலன் பிளம்லைன் என்னும் பொறியாளர் இதனைக் கருவியாக்க முனைந்தார். திரைப்படத்தில் நடிகர் திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க, குரல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும் குறையை அவர் தம் மனைவியிடம் சுட்டிக்காட்டியதாகக் கூறுவர். 1931 டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமையில், ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரு தடங்களைப் பொறிக்கும் முறை உட்பட, பின்னாளில் ஸ்டீரியோ என்று உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அடங்கியிருந்தது. 1934இல் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில், தாமஸ் பீச்சம் நடத்திய இசைக்குழு ஒத்திகையை அவர் இம்முறையில் பதிவு செய்தார். சந்தை அதனை ஏற்க ஆயத்தமாக இல்லை. 1942 ஜூனில், போர்க்கால ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து பிளம்லைன் இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. அவர் கண்ட இருசுவர்ப் பள்ளம் ஸ்டீரியோ இசைத்தட்டாகக் கடைகளில் பரவலாக வந்தது 1958இல்.

பெட்டி சிறுத்தது

இரு தடம் என்றால் வீட்டில் இரண்டு ஒலிபெருக்கி வேண்டும். அங்கேதான் சிக்கல் எழுந்தது. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கித் தள்ளும் காற்றும் பின்னோக்கி இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தாழ்சுருதி கரைந்துபோகும். அதைத் தடுக்கப் பெட்டி வேண்டும். 1950களின் தொடக்கத்தில், ஆழ்ந்த தாழ்சுருதியைத் தரவல்ல பெட்டி ஓர் அலமாரியின் பருமனுக்கு வளர்ந்திருந்தது. பால் கிளிப்ஷ் 1946இல் வெளியிட்ட கிளிப்ஷ்ஹார்ன் அறையின் மூலைச் சுவர்களையே ஊதுகுழலின் நீட்சியாகப் பயன்படுத்தியது. மிகக் குறைந்த மின்னாற்றலில் பெருமுழக்கம் செய்யும் அரிய கருவி அது. ஆனால் எல்லா வீட்டிலும் அதற்கு மூலை இல்லை.

விடை கண்டவர் எட்கர் வில்ச்சர். கலை வரலாற்றில் பட்டம் பெற்று, போர்க்காலத்தில் படையில் மின்னணுவியல் கற்று, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிக்கருவிகள் பற்றி வகுப்பெடுத்தவர். கூம்பைத் தாங்கும் விளிம்பின் விறைப்பே ஒலித்திரிபுக்கு வேர் என்று அவர் கண்டார். விளிம்பை மிக நெகிழ்வாக்கி, காற்றுப் புகாது அடைத்த சிறு பெட்டிக்குள் கூம்பை வைத்தால், உள்ளே சிறைப்பட்ட காற்றே வில்லாக நின்று கூம்பை ஒழுங்காக மீட்கும் என்பது அவர் கருத்து. அவர் வகுப்பில் பயின்ற ஹென்றி கிளாஸ் துணைநிற்க, 1954இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் தொடங்கியது. ஏஆர்-1 என்னும் அவர்களது முதற்பெட்டி புத்தக அலமாரியில் ஏறி அமர்ந்துகொண்டு, தன்னினும் பன்மடங்கு பெரிய பெட்டிகள் திணறிய தாழ்சுருதியைத் தந்தது. நான்கே ஆண்டில் ஸ்டீரியோ தட்டு வந்தபோது, ஒரு வரவேற்பறையில் இரு பெட்டி வைப்பது இயலும் காரியமாகியிருந்தது.

இந்தச் சிறுமைக்கு விலை இருந்தது. கிளாஸ் 1957இல் பிரிந்து சென்று மால்கம் லோ, ஆண்டன் ஹாஃப்மன் இருவருடன் தொடங்கிய நிறுவனம் கேஎல்ஹெச். மூவர் பெயரின் முதலெழுத்துகளே அப்பெயர். புகழ்பெற்ற பியானோ மேதை யோசப் ஹாஃப்மனின் மகனாகிய அந்த ஆண்டன் ஹாஃப்மன் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்சுருதி, குறைந்த மின்னாற்றலில் மிகுந்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். மூன்றாவதை இழந்தே ஆகவேண்டும். வில்ச்சரின் பெட்டி முதலிரண்டைத் தேர்ந்து மூன்றாவதைத் துறந்தது. ஊட்டிய மின்னாற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே ஒலியாயிற்று, எஞ்சியது வெப்பமாயிற்று. கிளிப்ஷின் கருவிக்குச் சில வாட் போதும்; இதற்குப் பல பத்து வாட் வேண்டும். பின்னாளில் எழுந்த வாட் போட்டிக்கு விதை இங்கே விழுந்தது.

ஆயினும் அந்நிறுவனம் எண்ணைக் காட்டி மட்டும் விற்கவில்லை. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் என்னும் நால்வர் தந்திக்குழுவை மேடையில் அமர்த்தி, அவர்கள் வாசிப்புக்கு நடுவே பதிவுசெய்த ஒலியை ஏஆர்-3 ஒலிபெருக்கிகள் வழியாகப் புகுத்தினர். வில் தந்தியின்மேல் அசைவது போலவே இருக்கும், ஒலி வருவது பெட்டியிலிருந்து. எப்போது மாறிற்று என்று கண்டுபிடிக்க அவையோர் தடுமாறினர். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அவர்கள் நடத்திய இசையறையில் எதுவும் விற்கப்படவில்லை. வழிப்போக்கர் அமர்ந்து கேட்டுவிட்டு எழுந்து போகலாம். செவியை நடுவராக்கிய செயல்கள் இவை.

மூன்று கருவி ஓருடல்

மறுபுறம், ஒலியூட்டும் கருவி தன் போக்கில் வளர்ந்தது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1930களில் கண்ட பண்பலை இரைச்சலற்ற வானொலியைச் சாத்தியமாக்கியது. 1961 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் பண்பலையில் ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு இசைவு தந்தது. ஜூன் முதல் நாள் ஒலிபரப்பு தொடங்கியது. அதன் நுட்பம் வியக்கத்தக்கது. இட வலத் தடங்களின் கூட்டுத்தொகை வழக்கம்போல் சென்றது; ஆகவே பழைய ஒற்றைத்தட வானொலி வைத்திருந்தவர் எதையும் இழக்கவில்லை. இரண்டின் வேறுபாடு மட்டும் செவிக்கெட்டாத உயர் அதிர்வெண்ணில் ஏறி உடன் வந்தது. 19,000 ஹெர்ட்ஸில் வரும் ஓர் அடையாளக் குறிப்பு ரிசீவரின் முகப்பில் ஸ்டீரியோ என்னும் சிறு விளக்கை ஏற்றியது. புதியது வரும்போது பழையது கைவிடப்படாத அரிய ஏற்பாடு அது.

வானொலியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே உடலில் அமைக்கும் வழக்கத்தை ஹார்மன் கார்டன் நிறுவனம் 1954இல் ஃபெஸ்டிவல் என்னும் கருவியால் தொடங்கிவைத்திருந்தது. 1960களில் அதனைச் செழிக்கச் செய்தவருள் ஏவரி ஃபிஷர் குறிப்பிடத்தக்கவர். பதிப்பகத்தில் புத்தக வடிவமைப்பாளராக இருந்தவர். பொழுதுபோக்காக வயலின் வாசித்தவர். அவரது வால்வு ரிசீவர்கள் இன்றும் போற்றப்படுகின்றன. நிறுவனத்தை 1969இல் விற்ற அவர், 1973இல் நியூயார்க் லிங்கன் சென்டரின் இசையரங்குக்கு 1 கோடியே 5 லட்சம் டாலர் வழங்கினார். 2015 வரை அவ்வரங்கம் அவர் பெயரையே தாங்கியிருந்தது. சால் மராண்ட்ஸ் என்பவரும் வரைகலைஞரே. கடைகளில் கிடைத்தது மனத்துக்கு ஒவ்வாமல், நியூயார்க்கில் தம் வீட்டிலேயே ஒரு முன்பெருக்கியைச் செய்தார். அதற்குக் கிடைத்த வரவேற்பு நிறுவனமாயிற்று. 1964இல் அது சூப்பர்ஸ்கோப் நிறுவனத்தின் கைக்குச் சென்று, பின்னர் ஜப்பானில் உற்பத்தி பெருகியது. கலை வரலாறு படித்தவர், புத்தகம் வடிவமைத்தவர், வரைகலைஞர் என இத்துறையை வளர்த்தவர் பலர் கலையிலிருந்து கருவிக்கு வந்தோர் என்பது நம்மனோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பொய் வாட்டும் மெய் வாட்டும்

வால்வின் இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்ததும் வாட் மலிவாயிற்று, மலிந்ததும் பொய்யாயிற்று. 1960களின் பிற்பகுதி விளம்பரங்களில் வாட் என்னும் சொல் பொருளிழந்தது. ஒரு கணம் மட்டும் எழும் உச்ச ஆற்றலைச் சொல்வார் சிலர். இரு தடத்தையும் கூட்டிச் சொல்வார் சிலர். ஒரு தடத்தை மட்டும் இயக்கி அளந்து இரண்டால் பெருக்குவார் சிலர். ஒலி எவ்வளவு திரிந்தாலும் கவலையின்றி அளப்பார் வேறு சிலர். தொடர்ந்து 20 வாட் தாங்காத பெட்டியின் நெற்றியில் 100 என்று எழுதியிருக்கும். வாங்குவோர்க்கு ஒப்பிட வழியில்லை. மெய் சொல்லும் நிறுவனம் சந்தையில் தோற்றது.

அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1974இல் ஒரு விதி வகுத்தது. நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இனி வாட் என்று விளம்பரம் செய்வோர் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலையே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடத்துக்கும் எவ்வளவு, எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் முதல் எந்த அதிர்வெண் வரை, எவ்வளவு திரிபுக்குள் என்பன உடன் வரவேண்டும். அளப்பதற்கு முன், சொன்ன ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கில் கருவி ஒரு மணி நேரம் இயங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இந்நிபந்தனையின் விளைவு பெரிது. ஆம்ப்ளிஃபயர் மிகுதியாகச் சூடாவது உச்ச ஆற்றலில் அன்று. ஏறத்தாழ அந்த மூன்றிலொரு பங்கில்தான். அச்சோதனையைத் தாங்கவேண்டுமாயின் அகன்ற வெப்பத் தகடும் பெரிய மின்மாற்றியும் தவிர்க்க முடியாதவை. எண்ணில் பொய் கூடாது என்ற சட்டம் உலோகத்தில் எடையாக இறங்கியது.

இதனால்தான் அவ்விதிக்குப் பின் வந்த ரிசீவரின் எண்ணை இன்றும் நம்பலாம். அவ்விதி பின்னர்ப் பல மாற்றங்கள் கண்டு, 2024இல் 8 ஓம் சுமை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவுகோலுடன் மீண்டும் திருத்தப்பட்டது என்பதிலிருந்தே எண்ணுக்குக் காவல் என்றும் தேவை என்பது விளங்கும்.

ஜப்பானியர் காலம்

மெய் எண்ணின் களத்தில் போட்டியிட்டு வென்றவர் ஜப்பானியர். சான்சூயி நிறுவனம் மின்மாற்றி செய்யும் பட்டறையாகப் பிறந்தது. வியட்நாம் போர்க்காலத்தில் ஆசியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் தங்கள் படைமுகாம் கடைகளில் சான்சூயி, பயனியர் ரிசீவர்களைச் சலுகை விலையில் வாங்கி ஊருக்கு அனுப்பினர். அவ்வாறு சென்றவை அந்நிறுவனங்களின் பெயரை அமெரிக்க வீடுகளில் பரப்பின. கென்வுட், யமஹா முதலியனவும் உடன் வளர்ந்தன.

மராண்ட்ஸ் 2230, 2270 ஆகியவற்றின் ஈற்றிரு இலக்கங்கள் ஒரு தடத்தின் வாட்டைக் குறிப்பன. பெயரே வாக்குறுதியாக நின்றது. 1976இல் பயனியர் எஸ்எக்ஸ்-1250 ஒரு தடத்துக்கு 160 வாட் தந்தது. 1978இல் எஸ்எக்ஸ்-1980 தந்தது 270 வாட். ஏறத்தாழ 35 கிலோ எடை. ஒருவர் தூக்குவது கடினம். மராண்ட்ஸ் 2600 மாதிரி 300 வாட்டைத் தொட்டது. கடைந்த அலுமினியக் குமிழ், நீல ஒளியில் மிதக்கும் வானொலி அளவுகோல், உருட்டினால் தானே ஓடும் கனத்த சக்கரம், வால்நட் மரமுகப்பு என இக்கருவிகளின் அழகும் பெரிது.

எண் மெய்யாயிற்று, எனினும் செவி கேட்டது என்ன? செவியின் கணக்கு வேறு. ஆற்றல் இரட்டித்தால் ஒலி 3 டெசிபலே உயரும். அது சிறிதளவு கூடுதலாகத் தோன்றும். இருமடங்கு முழக்கம் என்று செவி உணர ஆற்றல் பதின்மடங்கு வேண்டும். ஆகவே 270 வாட் ரிசீவர் 27 வாட் ரிசீவரைக் காட்டிலும் இருமடங்கு உரக்கப் பாடும், அவ்வளவே. மெய்யான எண்ணும் முழு உண்மை அன்று. அசை எண்ணிக்கை சரியாயிருப்பது கவிதைக்குத் தொடக்கம், முடிவன்று.

1980களில் இந்தக் காலம் முடிவுற்றது. உலோகமும் உழைப்பும் விலையேறின, கூட்டுச் சில்லுகள் வந்தன, குறுந்தகடு வந்தது, கேட்பதை விடப் பார்ப்பது முதன்மை பெற்றது. கருவிகள் இலகுவாயின.

சிறியதன் பெருமை

பேராற்றலின் காலத்திலேயே இங்கிலாந்தில் எதிர்த்திசையில் ஒரு முயற்சி நிகழ்ந்தது. பி.பி.சி.யின் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் பெரிய ஒலிபெருக்கி வைக்க இடமில்லை. அதற்கென அந்நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 1970களில் எல்எஸ்3/5ஏ என்னும் சிறு பெட்டியை வகுத்தனர். உள்ளளவு ஏறத்தாழ 5 லிட்டர். கெஃப் நிறுவனத்தின் இரு ஒலியலகுகள். மெல்லிய பிர்ச் பலகை. பலகையின் அதிர்வை அடக்க உட்பூச்சு. ஆழ்ந்த தாழ்சுருதியை அது முற்றாகத் துறந்தது. ஒரு வாட்டுக்கு 83 டெசிபல் அளவே தரும் சோம்பலும் உண்டு. ஆனால் மனிதக் குரல் அதில் ஒலித்தபோது, பேசியவரை அறிந்த பொறியாளர்கள் அவரையே கேட்டனர். பேச்சுக்குரலை அளவுகோலாகக் கொண்டு வடித்த கருவி அது. ரோஜர்ஸ் முதலிய நிறுவனங்கள் உரிமம் பெற்று விற்றன. கைமாறும் சந்தையில் இன்றும் அதற்குப் பெருமதிப்பு. கவிதை வாசிப்பின் ஒலிப்பதிவைக் கேட்க விரும்பும் அன்பர்க்கு, வாட் மன்னர்களை விட இச்சிறு பெட்டியே உற்ற துணை.

காலம் தின்றதும் தின்னாததும்

பழையது எல்லாம் ஒரே விதமாகப் பழையதாவதில்லை. கூம்பு, சுருள், காந்தம், மின்மாற்றி, மரப்பெட்டி ஆகியவை நெடுநாள் நிற்பன. முதலில் சாவது கூம்பைச் சுற்றிய நெகிழ் விளிம்பு. 1970களில் பரவலான பாலியூரித்தேன் நுரை விளிம்பு காற்றின் ஈரத்தால் சிதைந்து, பதினைந்து இருபது ஆண்டுகளில் விரல் பட்டால் பொடியாகும். மருந்தூட்டிய துணி விளிம்பும் ரப்பர் விளிம்பும் அவ்வாறு எளிதில் அழிவதில்லை. நுரை விளிம்பு பொடிந்த ஒலிபெருக்கியைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. புது விளிம்பு ஒட்டலாம். ஆனால் ஒட்டாமலே ஓடவிட்டால் சுருள் உரசிக் கெடும். ஏஆர்-3ஏ போன்றவற்றில் பின்புறத்து ஒலிச்சமன் குமிழ்கள் பாசிபிடித்து மேல்சுருதியையே விழுங்கிவிடுவதும் உண்டு.

காந்தத்திலும் வரலாறு படிந்துள்ளது. பழைய உயர்தர ஒலிபெருக்கிகளில் கோபால்ட் கலந்த அல்னிகோ காந்தம் இருந்தது. கோபால்ட் பெருமளவில் வந்தது ஆப்பிரிக்காவின் ஜையீர் நாட்டிலிருந்து. அங்கு ஷாபா மாகாணத்தில் 1978இல் நடந்த போரால் கோபால்ட் விலை உயர, ஜேபிஎல் முதலிய நிறுவனங்கள் ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. ஒரு சுரங்க மாகாணத்துப் போர் ஒரு வரவேற்பறைப் பெட்டியின் உட்பொருளை மாற்றியது. அல்னிகோ என்றாலே உயர்ந்தது என்று விலை கேட்போர் உண்டு. வேற்றுமை காந்தத்தின் பெயரில் இல்லை, வடிவமைத்த விதத்திலேயே உள்ளது.

ரிசீவரில் முதலில் தளர்வன மின்பகுபொருள் மின்தேக்கிகள். அவை உலர்ந்தால் மின்வழங்கியின் முரல் கேட்கும், தாழ்சுருதி மெலியும். குமிழ்களின் கரகரப்பு பெரும்பாலும் ஆக்சைடு படிவு. தூய்மை செய்தால் நீங்கும். முகப்பு விளக்குகள் எரிந்துபோயிருப்பது குற்றமன்று. இவையனைத்தும் தனித்தனி உறுப்புகளால் ஆன கருவிகள். பல நிறுவனங்கள் மின்சுற்று வரைபடத்துடன் பழுதுபார்க்கும் கையேடும் வெளியிட்டன. தனக்குப் பின் வருபவர் திறந்து பார்ப்பார் என்ற எதிர்பார்ப்போடு செய்யப்பட்டவை. நீண்ட ஆயுளுக்கு எடையைப் போலவே இந்த எதிர்பார்ப்பும் காரணம்.

தேர்ந்தெடுக்கும் நெறி

வரலாறு கற்பிக்கும் நெறியைச் சுருங்கக் கூறுவோம். ஒலிபெருக்கியை முதலில் தேர்க. அதற்கேற்ற ரிசீவரைப் பிறகு தேர்க. ஒலியின் குணத்தில் பெரும்பங்கு ஒலிபெருக்கியும் அறையுமே தீர்மானிப்பவை. ஹாஃப்மன் விதியை மனத்திற்கொண்டு, எதை இழக்கத் தயார் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். சிற்றறையில் குரலும் வீணையும் கேட்போர்க்கு ஆழ்ந்த தாழ்சுருதி இன்றியமையாததன்று. ஒரு வாட்டுக்கு 83 டெசிபல் தரும் பெட்டியில் 93 டெசிபல் பெற 10 வாட் போதும். ஆகவே அருகமர்ந்து கேட்போர்க்கு 30 வாட் ரிசீவர் தாராளம். குறைந்த ஆற்றலில் பாடும் கிளிப்ஷ் வகையாயின் பழைய வால்வு ரிசீவரின் சில வாட்டே நிறைவு தரும்.

ஓம் கணக்கைப் புறக்கணிக்கலாகாது. ஏஆர்-3ஏ 4 ஓம் வகையது. மிகுந்த மின்னோட்டம் கோரும். ஒரே ரிசீவரில் இரு ஜோடி ஒலிபெருக்கி இணைத்தால், பெரும்பாலான கருவிகளில் 8 ஓமும் 8 ஓமும் சேர்ந்து 4 ஓமாகும். 4 ஓம் ஜோடிகள் இரண்டாயின் 2 ஓம் ஆகி ஆம்ப்ளிஃபயரை எரிக்கக்கூடும்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள் எளியன. கூம்பைக் கைவிரல்களால் நாற்புறமும் சமமாக மெல்ல அழுத்தினால் உரசல் ஒலி கேட்கக் கூடாது. ஒற்றைத்தடத்தில் குரல் ஒன்றை ஒலிக்கவிட்டால், அது இரு பெட்டிக்கும் நடுவே வெட்டவெளியில் நிற்க வேண்டும்; ஒருபுறம் சாய்ந்தால் ஏதோ ஒன்று தளர்ந்துள்ளது. நெடுநாள் உறங்கிய ரிசீவரை நேரே மின்னில் இணையாது, குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில் வைத்து எழுப்புதல் நன்று. பல்பு மங்காமல் சுடர்விட்டு எரிந்தால் உள்ளே குறுக்குச்சுற்று உண்டென்று பொருள். ஒலிபெருக்கியை மாட்டுமுன் அதன் முனைகளில் நேர்மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளந்து பார்த்தல் ஒலிபெருக்கியின் உயிரைக் காக்கும்.

நம் நாட்டில் வாங்குவோர்க்கு மேலும் மூன்று எச்சரிக்கை. அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டுக்கும் ஜப்பான் உள்நாட்டுக் கருவி 100 வோல்ட்டுக்கும் ஆனவை. நம் 230 வோல்ட்டில் நேரே இணைத்தால் புகையே மிஞ்சும். ஜப்பான் உள்நாட்டு ரிசீவர்களின் பண்பலை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சென்னையில் அகில இந்திய வானொலி 1977இல் பண்பலையைத் தொடங்கியது. பின்னர் வந்தவையும் சேர்த்து நம் நிலையங்கள் பெரும்பாலும் அவ்வெல்லைக்கு மேலே உள்ளன. அமெரிக்கக் கருவியில் நிலையம் கிடைக்கும். ஆனால் மேல்சுருதியைச் சமன் செய்யும் அளவு அங்கே 75 மைக்ரோநொடி, இங்கே 50. ஆகவே ஒலி சற்று மங்கலாகக் கேட்கும். அது பழுதன்று, நாட்டு வேறுபாடு.

முடிவாக

வில்ச்சர் 1967இல் தம் நிறுவனத்தை விற்றுவிட்டு ஆய்வுக்குத் திரும்பினார். செவிப்புலன் குன்றியோர்க்கான கருவிகளில் மெல்லொலியையும் வல்லொலியையும் வெவ்வேறு சுருதிப் பகுதிகளில் தனித்தனியே சமன்செய்யும் முறையைக் கண்டு, 1973இல் அதனை வெளியிட்டார். காப்புரிமை கோரவில்லை, எவரும் எடுத்தாளலாம் என்று விட்டுவிட்டார். பிற்காலக் காதுக்கருவிகள் அவ்வழியிலேயே வளர்ந்தன. அவர் 2011இல் காலமானார். பெட்டிக்காகத் தொடங்கிய உழைப்பு செவிக்காக முடிந்தது.

பழைய ரிசீவரும் கைமாறிய ஒலிபெருக்கியும் நமக்கு உணர்த்துவதும் இதுவே. எண் மெய்யாக இருத்தல் வேண்டும். அதற்குச் சட்டமும் காவலும் வேண்டும். உடல் திறந்து செப்பனிடத்தக்கதாக இருத்தல் வேண்டும். அதற்குச் செய்தவனின் நேர்மை வேண்டும். இவ்விரண்டும் அமைந்தபின் எஞ்சும் தீர்ப்பைச் செவியிடம் விட்டுவிட வேண்டும். ஐம்பதாண்டு கழித்தும் ஒலிக்கும் கருவிக்கு உரிய இம்மூன்று பண்பும், ஐம்பதாண்டு கழித்தும் ஒலிக்க விரும்பும் பாட்டுக்கும் உரியவையே.